மதகடிப்பட்டு விலை

விழுப்புரத்திலிருந்து கோலியனூர், வளவனூர் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சாலையில் அடிக்கடி பிரயாணம் செய்கிறவர்கள், வண்டியில் பெட்ரோல் எவ்வளவு குறைந்திருந்தாலும் வளவனூரில் நிறுத்த மாட்டார்கள். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மதகடிப்பட்டு வந்து சேரும் வரையில் எப்படியாவது ஓட்டிக்கொண்டுபோய், அங்கே உள்ள பங்கில் டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டு புதுச்சேரி; அவ்வளவுதான் விஷயம். 2022 மே மாதம் முதல் 2024 மார்ச் வரையில் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசுக்கு விற்றுக்கொண்டிருந்தபோது, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் விலை அதை ஒட்டியே இருந்தது. புதுச்சேரியிலோ ஏறக்குறைய 96 ரூபாய்தான். டீசலில் வித்தியாசம் இன்னும் அதிகமாக, கிட்டத்தட்ட எட்டு ரூபாயாக இருந்தது. இரு பக்கத்துப் பங்குகளிலும் தொங்குவது அதே கம்பெனிகளின் பலகை. அவற்றுக்கு எண்ணெய் கொண்டுவருவதும் அதே டேங்கர் லாரிகள்.

இந்த லாபத்துக்காகவே விழுப்புரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்படுவது புத்திசாலித்தனமாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போக வர நாற்பது கிலோமீட்டர் ஓடுவதற்கு ஒரு லிட்டருக்குச் சற்றே குறைவாகச் செலவாகும். அந்த விலையில் ஐந்து லிட்டர் போட்டு மிச்சப்பட்டது முப்பது ரூபாய். திண்டிவனத்துக்காரருக்குத் தூரம் இன்னும் அதிகம். வேறு காரியமாகப் போகிறவருக்கும், முந்நூறு லிட்டர் டீசல் பிடிக்கிற லாரிக்காரருக்கும்தான் இந்தச் சாலை வரப்பிரசாதம். ஒரு முறை நிரப்பினால் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமானபோது, லாரிக்காரர் எந்தப் பக்கத்துப் பங்கில் திரும்பியிருப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? அவர் திரும்பாமல் விட்ட பங்கின் முதலாளிக்கு வியாபாரம் நஷ்டம். தமிழ்நாட்டுக் கஜானாவுக்கு வரி நஷ்டம்.

எல்லையோ ஒரு நேர்க்கோடு அல்ல. மதகடிப்பட்டையும் திருபுவனையையும் தாண்டினால் கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு வந்துவிடும். சிறிது தூரம் சென்றால் வில்லியனூரில் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கர்நாடகப் போர்களில் ஊர் ஊராகப் பிடித்தும் விட்டும் வைத்ததன் மிச்சம் இது. 1954 நவம்பர் முதல் தேதி பிரெஞ்சு ஆட்சி நீங்கிற்று, சுங்கச் சாவடிகளும் நீங்கின. ஆனால் ஒரு நாட்டுக்குள் இரண்டு சர்க்கார்கள் இரண்டு விதமாக வரி போடும் உரிமை நீங்கவில்லை. ஆகையால் பதினெட்டாம் நூற்றாண்டுத் தளகர்த்தர்கள் கிழித்த கோணல் எல்லை இன்றும் டீசல் கணக்கில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

பெட்ரோல் விலை உயரும்போதெல்லாம் அரபு நாடுகளையும் உக்ரேன் யுத்தத்தையும் டாலரையும் காரணம் காட்டுவது வழக்கம். அது பொய்யல்ல. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. 159 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாயின் விலை டாலரில் ஏறினாலும், டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கினாலும், சுமை நம் தலையில்தான். ஆனால் வளவனூருக்கு ஒரு கச்சா எண்ணெய், மதகடிப்பட்டுக்கு ஒரு கச்சா எண்ணெய் என்று கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவிலிருந்த ஆறு ரூபாய் முழுக்க முழுக்க வரியின் ஆறு ரூபாய். அரேபியாவுக்கு அதில் சம்பந்தமில்லை.

இந்த வரிச் சண்டை எப்போது தொடங்கிற்று என்று தேடிக்கொண்டு போனால், குடியரசுக்கும் முந்திய காலத்துக்குப் போய்ச் சேருகிறோம். 1938-ஆம் ஆண்டில் மத்திய மாகாண சர்க்கார், மோட்டார் ஸ்பிரிட் என்று அந்நாளில் வழங்கிய பெட்ரோலின் சில்லறை விற்பனைக்கு வரி விதித்துச் சட்டம் செய்தது. டில்லி சர்க்காருக்கு அது பொறுக்கவில்லை. இது விற்பனை வரி என்ற பெயரில் வருகிற கலால் வரியே, கலால் தங்களுக்கு உரியது என்று வாதாடிற்று. புதிதாக ஏற்பட்டிருந்த பெடரல் கோர்ட்டின் முன் விவகாரம் சென்றது. விற்பனைக்கு வரி விதிக்க மாகாணத்துக்கு அதிகாரம் உண்டு என்று அந்த நீதிமன்றம் தீர்மானித்தது. மறு வருஷமே, 1939-இல், ராஜாஜி பிரதம மந்திரியாயிருந்த சென்னை மாகாணம் தானும் ஒரு மோட்டார் ஸ்பிரிட் வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதலாவதான பொது விற்பனை வரிச் சட்டமும் அதே வருஷத்தில் இங்கேயே பிறந்தது. சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கினால் கலால் வருமானம் போயிற்று; அந்தப் பள்ளத்தை நிரப்பப் புது வரி தேவைப்பட்டது. ஆக, கள்ளுக்கடையை மூடியதன் ஈடாகப் பெட்ரோலுக்கு வரி வந்தது என்று சொன்னால் மிகையாகாது. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதம மந்திரியாகி, 1948-இல் மதுவிலக்கை மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கத் துணிந்ததும், கையில் அந்த விற்பனை வரி இருந்த பலத்தினால்தான்.

அன்று கோர்ட்டில் நடந்த வழக்கு இன்று விலைப்பலகையில் நடக்கிறது. மத்திய சர்க்கார் லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று கலால் வரி விதிக்கிறது. மாநிலமோ, அடிப்படை விலையும் அந்தக் கலாலும் சேர்ந்த தொகையின் மேல் சதவீதக் கணக்கில் மதிப்புக் கூட்டு வரி விதிக்கிறது. வரிக்கு மேல் வரி. ஆகவே டில்லி ஒரு ரூபாய் ஏற்றினால், விரலை அசைக்காமலே சென்னைக்கும் சில காசுகள் கிடைத்துவிடும். ‘எல்லாம் டில்லி செய்தது’ என்று மாநில மந்திரிகள் சொல்லும்போது இந்தச் சில காசுகளைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

டில்லி செய்தது மட்டும் கொஞ்சமா? 2014-இன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் இருந்த கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே விழுந்தது. விலை நிர்ணயத்தைச் சந்தையிடம் விட்டுவிட்டோம் என்று பெட்ரோல் விஷயத்தில் 2010 ஜூனிலும், டீசல் விஷயத்தில் 2014 அக்டோபரிலும் அறிவித்திருந்தார்கள். சந்தையிடம் விட்டது வாஸ்தவமானால், அந்த வீழ்ச்சியின் பலன் முழுவதும் வண்டிக்காரருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் ஒன்பது முறை கலால் வரியை உயர்த்தி, பெட்ரோலில் 11 ரூபாய் 77 காசையும் டீசலில் 13 ரூபாய் 47 காசையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 2020-இல், கொரோனாவினால் சாலைகள் வெறிச்சோடி எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தபோது, இதே காட்சி இன்னும் துரிதமாக நடந்தது. மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாடு தன் வரி முறையையே மாற்றி, சதவீதத்தோடு லிட்டருக்கு ஒரு நிலையான தொகையையும் சேர்த்துக்கொண்டது. அந்த மை காய்வதற்குள் டில்லி பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் ஏற்றிற்று. நிலையான தொகை என்பதன் சாமர்த்தியம் என்னவென்றால், எண்ணெய் விலை இறங்கினாலும் அது இறங்காது.

அப்படி ஏற்றிய பிறகு 2021 பிப்ரவரியில் பெட்ரோலில் மத்திய வரி லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு என்று நின்றது. மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியது அதில் எவ்வளவு என்று பார்த்தால், அடிப்படைக் கலால் என்ற பெயரில் இருந்த 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மற்றதெல்லாம் செஸ், சிறப்புக் கூடுதல் வரி, பங்கு கிடையாது. 1 ரூபாய் 40 காசில் எல்லா மாநிலங்களுக்குமாக நூற்றுக்கு 41 பங்கு, அதாவது 57 காசு. அதில் தமிழ்நாட்டின் வீதம் நூற்றுக்கு நான்கு சொச்சம். திண்டிவனத்தில் ஒருவர் லிட்டருக்குக் கொடுத்த 32 ரூபாய் 90 காசில், பங்கீட்டின் வழியே சென்னைக்குத் திரும்பி வந்தது இரண்டரைக் காசுக்கும் குறைவு. அந்த 32 ரூபாய் 90 காசில் பதினெட்டு ரூபாய் சாலைக்கான செஸ். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் காரை நிறுத்திக் கட்டணம் கொடுத்தவரும் அந்தப் பதினெட்டு ரூபாயைப் பங்கிலே முன்னதாகவே கொடுத்திருந்தார்.

விலை தினந்தோறும் மாறும் ஏற்பாடு 2017 மே முதல் தேதியில் ஐந்து நகரங்களில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. அவற்றில் ஒன்று புதுச்சேரி. ஜூன் 16 முதல் நாடு முழுவதற்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் தேர்தல் நெருங்கினால் தினசரி விலைக்கு ஒரு மௌனம் வந்துவிடுகிறது. 2021 நவம்பர் தொடங்கி நான்கரை மாதம் விலை அசையவில்லை. இடையில் உக்ரேன் யுத்தம் மூண்டு கச்சா எண்ணெய் நூறு டாலரைத் தாண்டியும் அசையவில்லை. உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களின் தேர்தல் முடிவுகள் மார்ச் 10-இல் வெளியாயின. மார்ச் 22-இல் எழுந்த விலை, ஏப்ரல் 6-க்குள் பத்து ரூபாய் ஏறிவிட்டது. பெரும்பாலான பங்குகள் மூன்று பொதுத்துறைக் கம்பெனிகளின் கையில் இருக்கும்போது, இதைச் சந்தை நிர்ணயித்தது என்று நம்புவதற்கு அசாத்தியமான வெகுளித்தனம் வேண்டும்.

மாநிலத்திலும் தேர்தலுக்கும் விலைக்கும் உறவு உண்டு. பெட்ரோலுக்கு ஐந்து ரூபாயும் டீசலுக்கு நான்கு ரூபாயும் குறைப்பதாகச் சொல்லி 2021-இல் பதவிக்கு வந்த தி.மு.க. அரசு, ஆகஸ்டு பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு மூன்று ரூபாய் குறைத்தது, டீசலைத் தொடவில்லை. நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அதற்குச் சொன்ன நியாயம் யோசிக்கத் தக்கது: மாநிலத்தில் 2 கோடியே 63 லட்சம் இரு சக்கர வண்டிகள் ஓடுகின்றன, பெட்ரோல்தான் உழைக்கும் ஜனங்களின் எரிபொருள் என்றார். விக்கிரவாண்டியிலிருந்து விழுப்புரத்துக்கு வேலைக்கு வருகிற கொத்தனாரைப் பார்க்கிறவர் இதை மறுக்க முடியாது. அந்த மூன்று ரூபாயினால் வருஷத்துக்கு 1,160 கோடி ரூபாய் போகும் என்றும் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு குறைத்ததை ஒட்டிப் புதுச்சேரி தன் பங்குக்கு ஏழு ரூபாய் குறைத்தது. மதகடிப்பட்டின் மவுசு ஏறியது அப்போதுதான். பின்னர் 2025 ஜனவரியில் புதுச்சேரியும் ஏறக்குறைய இரண்டு ரூபாய் ஏற்றிக்கொண்டது.

இந்த இரட்டை விலையை ஒரே கையெழுத்தில் ஒழிக்கலாம். பெட்ரோலியப் பொருள்களை ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் வளவனூருக்கும் மதகடிப்பட்டுக்கும் வரி ஒன்றாகிவிடும். எந்தத் தேதி முதல் என்பதை ஜி.எஸ்.டி. கவுன்சில் சிபாரிசு செய்யலாம் என்று அரசியல் சாசனத்தின் 279-ஏ ஷரத்து இடம் வைத்திருக்கிறது. 2021 செப்டம்பர் 17-இல் லக்னோவில் கூடிய கவுன்சில், கேரள உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் இதை எடுத்துப் பேசியது. இது அதற்கான காலம் அல்ல என்று கலைந்தது. எதிர்க்கட்சி மாநிலம், ஆளும் கட்சி மாநிலம் என்ற பேதம் அங்கே காணப்படவில்லை. 2017 ஜூலைக்குப் பிறகு, ஒரு மாநிலம் தன் இஷ்டப்படி விகிதத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய விற்பனை வரிகள் இரண்டே: ஒன்று பெட்ரோல் டீசல், மற்றொன்று மது. ஓமந்தூர் ரெட்டியார் மதுவின் வருமானத்தை விட்டபோது விற்பனை வரி கையில் இருந்தது. இன்று டாஸ்மாக்கையும் மூட வேண்டும், பெட்ரோல் வரியையும் விட வேண்டும் என்று ஒரே மேடையில் கேட்கிறவர்கள், நகரப் பேருந்தில் பெண்களின் இலவசப் பயணத்துக்காகப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை இதுவரை அந்த மேடையில் சொல்லவில்லை.