காலத்தோடு வரும் காயும் கனியும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)

 வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஐயாமார் உள்ளே வந்து உட்காரலாம். சாப்பாட்டு விசயம் பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது, காலத்துக்குக் காலம் எங்கள் பக்கத்தில் விளைகிற காய், பழம், கீரைகளைப் பற்றி. இதிலே என்ன புதுசு, பிறந்ததிலிருந்து பார்க்கிற பலாமரமும் கொய்யாமரமும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். பார்க்கிறோம், சரி. சாப்பிடுகிறோமா?

கிளினிக்கில் இரத்தம் சோதித்துப் பார்க்கும்போது, "இரத்தம் காணாது" என்று எத்தனை பேருக்குச் சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கர்ப்பிணித் தாய்மாருக்கு அந்த அளவு 11 கிராமுக்குக் குறையக்கூடாது, மற்றப் பெண்களுக்கு 12க்குக் குறையக்கூடாது என்பது கணக்கு. குறைந்தால் என்ன நடக்கும்? கூடையோடு மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், கண் இருட்டும். மத்தியானத்துக்குப் பிறகு கை ஓடாது, கொழுந்து நிறை குறையும், பேர் போய்விடும். வயிற்றில் உள்ள பிள்ளையும் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்துவிடலாம். அப்படிப் பிறந்த பிள்ளையை ஆளாக்க அந்தத் தாய் படுகிற பாடு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

காலையில் ரொட்டியும் சம்பலும், மேலே ஒரு கோப்பை தேத்தண்ணி. மத்தியானமும் அநேகமாக அதே ரொட்டி, அல்லது சோறும் உருளைக்கிழங்குக் கறியும், அதன் மேலேயும் தேத்தண்ணி. கோதுமை மா பசியை அடக்கும், வேலை செய்யப் பலமும் தரும். ஆனால் இரத்தம் ஊற அது மட்டும் போதாது. அதோடு தேயிலையில் இருக்கிற டெனின் என்ற சத்து, சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. எங்கள் கையால் பறிக்கிற கொழுந்தை நாங்களே குறை சொல்வதா என்று கோபிக்க வேண்டாம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள் என்றுதான் சொல்கிறோம். சில தாய்மார் கிளினிக்கில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையே பிளேன்டீயோடு விழுங்குகிறார்கள். அப்படி விழுங்கினால் மாத்திரையின் பலனில் பெரும்பகுதி வீண். தண்ணியோடு போடுங்கள், கூட ஒரு கொய்யாப்பழம் இருந்தால் இன்னும் நல்லது.

ஏன் கொய்யா? அதிலே விட்டமின் சி நிறைய உண்டு. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேர இந்த விட்டமின் உதவி செய்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது கடன் வாங்கியாவது அப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோமே, அந்த அப்பிளை விடக் கொய்யாவில் இந்தச் சத்து பல மடங்கு. தோடம்பழத்தை விடவும் கூட. ஆனால் லயத்துக் கோடியில் நிற்கிற கொய்யாவை வவ்வால் தின்கிறது. கொய்யாப்பழம் கொண்டுபோனால் ஸ்கூலில் சிரிக்கிறார்கள் என்று பிள்ளைகள் பிஸ்கட் கேட்கிறார்கள். சிரிக்கிற பிள்ளைக்கும் ஒன்று சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.

இனி பலாவுக்கு வருவோம். சித்திரை, வைகாசி, ஆனி என்று எங்கள் பக்கம் பலா நிறையக் காய்க்கிறது. லொறிக்காரர் வந்து மரத்தோடு விலை பேசிவிட்டுப் போகிறார். அந்தக் காசை வாங்கி நாங்கள் கடையில் மா வாங்குகிறோம். இந்தக் கணக்கு எங்களுக்குச் சரியாகப் படவில்லை. 2022ஆம் ஆண்டு மா விலை எங்கேயோ ஏறிப் போனபோது பலாக்காயைத் தேடி அலைந்தவர்கள் நாங்கள்தான். விலை கொஞ்சம் இறங்கியது, பலாவும் மறந்து போனது.

பாணந்துறையில் ஆர்தர் வி. டயஸ் என்று ஒரு தோட்டச் சொந்தக்காரர் இருந்தார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது வெள்ளைக்காரன் அவரைச் சிறையில் போட்டான். வெளியே வந்த பிறகு, நாட்டில் பஞ்சம் வந்தாலும் சனங்கள் பட்டினி கிடக்கக்கூடாது என்று ஊர் ஊராகப் பலா நடச் சொல்லி வந்தார். சிங்களச் சனங்கள் அவரை "கொஸ் மாமா", அதாவது பலா மாமா, என்று இன்றைக்கும் சொல்வார்கள். பலாமரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது, அனுமதிப் பத்திரம் வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. அந்த மரத்துக்கு அவ்வளவு மதிப்பு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பலாவில் இரும்புச்சத்து அதிகம் என்று சொல்ல முடியாது. அதன் பெருமை வேறே. ஒரு முற்றின காயை அவித்து, தேங்காய்ப்பூவும் கொச்சிக்காய்ச் சம்பலும் வைத்தால் ஒரு குடும்பத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு முடிந்தது. அன்றைக்கு மாவுக்குப் போகிற காசு கையில் நிற்கும். அந்தக் காசுக்கு நெத்தலிக் கருவாடு, முட்டை, பருப்பு என்று வாங்குங்கள். இரத்தம் ஊறுவது அதிலேதான். பிஞ்சில் கறி, முற்றினால் அவியல், பழுத்தால் பழம், கடைசியில் கொட்டை. கொட்டையைச் சுட்டும் தின்னலாம், தேங்காய்ப் பால் விட்டுக் கறியும் வைக்கலாம். காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆனி, ஆடி மழையில் வேலை குறையும்போது அது கைகொடுக்கும். சுளையைக் கீறி, சுடுதண்ணியில் போட்டு எடுத்து, வெயிலில் காயவைத்தும் எடுத்து வைப்பார்கள். உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் பக்குவம் சொல்வார்கள்.

நுவரெலியாப் பக்கம் மேல்தோட்டங்களில் பலா சரியாக வராது. அங்கே உள்ளவர்கள் மனம் வருந்த வேண்டாம். கரட், கோவா, போஞ்சி, மரத்தக்காளி எல்லாம் அங்கேதானே விளைகின்றன. சவ்சவ் கொடி ஒன்றை வேலியில் ஏற்றிவிட்டால் காயும் கிடைக்கும், கொழுந்து நுனியை ஒடித்துக் கீரையாகவும் வதக்கலாம். சந்தையில் ஒரு மரக்கறி குவிந்து கிடந்து விலை இறங்குகிற கிழமைதான் அதை வாங்குகிற கிழமை.

கீரை விசயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மழை பெய்ததும் வல்லாரையும் பொன்னாங்காணியும் காண் ஓரமெல்லாம் தழைத்துவிடும். புல்லுக்கு மருந்து அடித்த மலையில் பறிக்காதீர்கள். கக்கூசுத் தண்ணி வடிகிற காணிலும் வேண்டாம். வாசலில் நாலடி இடம் இருந்தால் அங்கேயே நட்டுக்கொள்வது உத்தமம். கழுவிவிட்டு அரியுங்கள், அரிந்துவிட்டுக் கழுவினால் சத்து தண்ணியோடு போகும். அதிக நேரம் அடுப்பில் வைக்காமல் சுண்டி, இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். அடுப்பிலே வைத்துப் புளி விட்டால் விட்டமின் சி சூட்டில் கெட்டுவிடும்.

அடுத்தது குளிர்ச்சி, சூடு என்கிற பேச்சு. மழைக்காலத்தில் பழம் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்கிறார்கள். சளி தொற்றுகிற நோய், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவது. பழத்தால் வருவதில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குக் கீரையும் பழமும் ஆகாது என்று நாற்பது நாள் வாயைக் கட்டுகிறார்களே, அதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. பிரசவத்தில் இரத்தம் இழந்த உடம்பு அது. பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், தெரியும். மாமியாரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மிட்வைப் அம்மா பக்குவமாக எடுத்துச் சொல்வார். திரிபோஷா வாங்குகிற தாய்மாருக்கும் ஒரு சொல்: அது உங்களுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் கொடுக்கிறது, வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் பங்கு வைக்க அல்ல.

பேச்சு நீண்டுவிட்டது. பிள்ளைக் காம்பரா ஆயாம்மா பலாக்கொட்டைக் கறியும் வல்லாரைச் சம்பலும் செய்து வைத்திருக்கிறார், எல்லோரும் ருசி பார்த்துவிட்டுப் போங்கள். தேத்தண்ணியும் உண்டு, ஆனால் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் ஊற்றுவோம். அடுத்த கிளினிக் நாளில் வல்லாரை நாற்று கொண்டு வருகிறோம். ஆளுக்கு ஒரு பிடி கிடைக்கும், பை எடுத்து வாருங்கள்.