கைமாறும் புத்தகங்கள்

(திண்டுக்கல்லில் நடந்த வாசகர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னிடம் இரண்டு கேள்விகளைக் கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, புதிதாக வாசிக்க வருபவர்களுக்கு எந்தப் புத்தகங்களைக் கொடுப்பது? இரண்டு, கிண்டில் வாங்கலாமா, வேண்டாமா? இரண்டாவது கேள்வி என்னுடையதும்தான். பல மாதங்களாக வராத ஆய்வு உதவித்தொகை மொத்தமாக வந்திருக்கிறது. கையில் காசு இருக்கும்போதுதானே இந்த ஆசையெல்லாம் வரும். ஆனால் எதை வாசிக்கப் போகிறோம் என்று தெரிந்தால்தான் எதில் வாசிப்பது என்று முடிவு செய்ய முடியும். அதனால் புத்தகங்களை முதலில் பேசிவிடுகிறேன்.

முதலாவது, அண்ணலின் 'சாதி ஒழிப்பு'. அது நிகழ்த்தப்படாத ஓர் உரை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல் தன் 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்ததும் மாற்றச் சொன்னது. அவர் மறுத்தார். மாநாடே ரத்தானது. மேடை கிடைக்காத உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே மாதத்தில் அவை தீர்ந்துபோயின. இங்கே பெரியார் அதைத் தமிழில் கொண்டுவந்து 'குடி அரசு' இதழில் தொடராக வெளியிட்டார். ஒரு மண்டபம் கதவை மூடினால் ஒரு சிறுநூல் நாடு முழுக்க நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இரண்டாவது, அயோத்திதாசர் சிந்தனைகள். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயரில் வைத்தார் என்றால் யாருடைய கையில் அது சேர வேண்டும் என்று நினைத்தார் என்பது புரியும். 1914இல் அவர் மறைந்தார். அதன்பிறகு தமிழ் அறிவுலகம் அவரை மறந்து பல பத்தாண்டுகள் இருந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தப் பழைய இதழ்களை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். அதனால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க முடிந்தது. பல்கலைக்கழகங்கள் செய்யாத வேலையை வீட்டு அலமாரிகள் செய்தன.

மூன்றாவது, பாமாவின் 'கருக்கு', 1992. மதுரையிலிருந்து வந்த புத்தகம். நம் பாட்டிமார் பேசும் மொழியிலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதலாம் என்று காட்டியது. தேவாலயத்துக்குள்ளும் சாதி உட்கார்ந்திருப்பதைச் சொன்னது. நான்காவது, கே. ஏ. குணசேகரனின் 'வடு', 2005. ஒரு மேடைக் கலைஞர் தன் பிள்ளைப் பருவத்தின் பசியையும் அவமானத்தையும் சிரிப்பையும் மறைக்காமல் வைத்திருப்பார். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஐந்தாவது, இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', 1994. புதிரை வண்ணார் சமூகத்து ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டோருக்குள்ளேயே இருக்கும் மேல் கீழைப் பேசியதால் கடுமையாக விவாதிக்கப்பட்ட நாவல். அந்த விவாதம் நமக்கு இன்னும் தேவைப்படுகிறது. அதனால்தான் பட்டியலில் வைக்கிறேன்.

இப்போது கருவிக்கு வருவோம்.

கிண்டிலில் நன்மை இல்லாமல் இல்லை. அதன் மின்மைத் திரை கண்ணை உறுத்தாது. ஒருமுறை சார்ஜ் போட்டால் பல வாரம் வரும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் பார்வை மங்கியவர்களுக்கு அது வரம். 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களும் அதில் கிடைக்கின்றன.

இன்னொரு நன்மையும் உண்டு. அதை விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். அட்டை தெரியாது! வத்தலக்குண்டு பேருந்தில் கோட் போட்ட அண்ணல் படமுள்ள புத்தகத்தை விரித்துப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர், "எந்த ஊரு தம்பி?" என்பார். ஊரைச் சொன்னால், "ஊர்ல எந்தத் தெரு?" என்பார். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் ஆதிதிராவிடர்களைப் பேருந்தில் ஏற்றவே மறுத்தார்கள். நம் மாவட்டத்துப் பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது, அப்படி மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. இன்று இருக்கை கிடைக்கிறது, கேள்வி மட்டும் போகவில்லை. மில்லில் வேலை முடித்துக் கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பும் ஒரு தங்கை நிம்மதியாக நாலு பக்கம் வாசிக்க ஒரு கருவி மறைவு தருமென்றால், அவரிடம் போய் 'தைரியமாக அட்டையைக் காட்டு' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது புதிய பேப்பர்ஒயிட்டின் விலை 16,999 ரூபாயாக இருந்தது. அந்தத் தங்கையின் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது.

அடுத்தது, நாம் வாசிக்க விரும்புவது அதில் ஒழுங்காகத் தெரியுமா? அண்ணலின் ஆங்கில நூல்தொகுதிகளை வெளியுறவு அமைச்சகத் தளத்தில் இலவசமாக எடுக்கலாம். 1956இல் அவர் மறைந்ததால், 60 ஆண்டுப் பதிப்புரிமைக் காலம் 2016 முடிவோடு தீர்ந்துவிட்டது. மூலநூல்கள் இப்போது பொதுச்சொத்து. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும் பழைய இதழ்களும் அரிய நூல்களும் குவிந்திருக்கின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பிடிஎஃப். அதாவது பக்கத்தை அப்படியே பிடித்த படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடிந்து வராது, பக்கம் திரைக்கு வெளியே ஓடும். ஆறு, ஏழு அங்குலத் திரையில் அதை வாசிப்பது சாவித்துவாரம் வழியாகச் சினிமா பார்ப்பது போல. இதற்குப் பெரிய திரைதான் வேண்டும். மடிக்கணினி ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நீங்கள் காசு கொடுத்து வாங்கும் மின்நூல் உங்களுடையதா? கடைக்காரர் உங்களுக்குத் தருவது வாசிக்கும் அனுமதி மட்டுமே. 2009இல் அமேசான், விற்றவரிடம் உரிமை இல்லை என்று சொல்லி, ஆர்வெல்லின் இரண்டு நூல்களை வாசகர்களின் கிண்டிலிலிருந்து தானே அழித்தது. அதில் ஒன்று '1984'. அழித்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். வாங்கிய மின்நூலைக் கணினியில் இறக்கிவைத்துக்கொள்ளும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். அன்பு பொன்னோவியத்தின் அலமாரிக்குள் எந்தக் கடைக்காரரும் கைவிட முடிந்திருக்காது. ஒரு நிறுவனத்தின் கணக்குக்குள் பூட்டிய 'தமிழன்' இதழ் 85 ஆண்டு காத்திருக்குமா?

ஆகவே என் அளவுகோல் இதுதான்: இந்தப் புத்தகத்தை நான் இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா? நம்மில் பெரும்பாலோருக்கு முதல் புத்தகம் கடையிலிருந்து வரவில்லை. ஓர் அண்ணன் கொடுத்தார், ஓர் ஆசிரியை கொடுத்தார், மாநாட்டுப் பந்தலில் யாரோ கொடுத்தார்கள். காகிதம் இந்தத் தேர்வில் தேறுகிறது. பூட்டில்லாத இலவச மின்நூலும் தேறுகிறது. இருக்கிற போனிலேயே அதை வாசிக்கலாம், வாட்ஸப்பில் அனுப்பலாம். பூட்டுப் போட்ட மின்நூல் தேறவில்லை.

கண் பிரச்சினை உள்ளவர்கள், வெளிநாடு போகிறவர்கள், நாவல்களாகவே வாசிக்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். அதில் கொள்கைக் குற்றம் ஏதுமில்லை. நான் வாங்கப் போவதில்லை. அந்தக் காசில் நான் சொன்ன ஐந்து நூல்களையும் பல படிகள் வாங்கி இந்தக் கூடலுக்குத் தருகிறேன்.

நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த நூலக வரி, வீட்டு வரியோடு சேர்த்து உங்கள் வீட்டிலும் வசூலிக்கப்படுகிறது. மாவட்ட மைய நூலகத்தில் இந்த ஐந்தும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அது சலுகை இல்லை, நாம் கட்டிய காசு.

நான் தரும் படிகளுக்கு ஒரே நிபந்தனை. வாசித்து முடித்தவர் முதல் பக்கத்தில் தன் பெயரையும் ஊரையும் தேதியையும் எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பெயர் போட முடியாத வீட்டுச் சூழல் உள்ளவர்கள் தேதி மட்டும் போடுங்கள், போதும். ஒரு வருடத்தில் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டால் இரண்டாவது பக்கத்தில் எழுதத் தொடங்குவோம்.