வணிகப் பக்கமும் வாய்மை விரதமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரை)



முகநூல், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்தபோது முதலில் தயங்கினேன். சிறுதொழில் செய்யும் நம் இளைஞர்கள் என்னிடம், "ஐயா, தொழிலுக்கென்று ஒரு பக்கம் தொடங்கினோம். ஒரு மாதம் எழுதினோம். அதற்குமேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை, பார்ப்பாரும் இல்லை" என்றனர். என்ன எழுதுவது என்பது தமிழாசிரியனுக்கு உரிய கேள்விதானே என்று எண்ணி இசைந்தேன்.

"நம் ஊர் இருட்டுக்கடை அல்வாவுக்குப் பெயர்ப்பலகை தேடியா மக்கள் போகிறார்கள்? நல்ல சரக்குக்கு விளம்பரம் எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். அக்கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. மாலைதோறும் வரிசையில் நிற்பவர்கள் வாங்கி உண்டு, பிறரிடம் சொல்லிச் சொல்லியே அதன் புகழ் வளர்ந்தது. சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையில் பாய் நெய்பவர் வாசலில் அத்தகைய கூட்டம் இல்லை. அவர் பாயை வாங்குபவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். கையால் தடவிப் பார்க்க இயலாத அவருக்குப் படமும் சொல்லுமே கையாகின்றன.

பத்தமடையில் பாய் விற்கும் என் பழைய மாணவி ஒருவரும் இவ்வாறே ஒரு பக்கம் தொடங்கினார். நாள்தோறும் ஒரே பாயின் படம். கீழே "விற்பனைக்கு உள்ளது" என்ற ஒரே வரி. நாற்பதாம் நாள் பக்கம் அடங்கிவிட்டது. நான் அவரிடம், "அம்மா, பாயை விற்பதற்கு முன் பாயின் கதையைச் சொல்லுங்கள்" என்றேன். தாமிரபரணிக் கரையில் கோரை அறுப்பது ஒரு பதிவு. அதைக் காயவைத்து, மெல்லிய கீற்றாகக் கிழிப்பது ஒரு பதிவு. ஓடும் நீரில் பல நாள் ஊறப்போடுவது, சாயம் ஏற்றுவது, தறியில் பாவு இழுப்பது, மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்வது என்று வேலையின் ஒவ்வொரு படியும் ஒரு பதிவாகும். வாரத்துக்கு இரண்டு போதும். ஆனால் அந்த இரண்டும் தவறக்கூடாது.

வாங்குவோர் கேட்கும் கேள்விகளும் பதிவுகளே. "பாவு நூல் பருத்தியா, பட்டா?" என்று ஒருவர் கேட்டாராம். அகிம்சையைப் போற்றும் நம் வீடுகளில் இது சிறிய கேள்வி அன்று. பருத்தி என்றால் பருத்தி, பட்டு என்றால் பட்டு என்று ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதிவிட்டால், கேட்டவர்க்கும் கேட்கத் தயங்கியவர்க்கும் விடை கிடைக்கும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்பட்டியல் வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு விடைகளை முன்னரே எழுதி வைக்கலாம். ஆயினும் கேட்டவருக்கு அன்றே மறுமொழி சொல்லும் பழக்கத்தை எந்தச் செயலியும் நமக்குத் தராது.

பக்கம் மெல்ல உயிர்பெற்ற வேளையில் ஒருவர் அம்மாணவியிடம் ஆசை காட்டினார். பத்தாயிரம் பின்தொடர்வோரை விலைக்குத் தருவதாகவும், பாராட்டுரைகளை அவரே எழுதிப் போடுவதாகவும், நுண்ணிய பாயின் படத்தைக் காட்டிச் சாதாரணப் பாயை அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாராம். "என்ன செய்யலாம் ஐயா?" என்று மாணவி கேட்டார்.

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் என் நினைவுக்கு வந்தது. தசலட்சண நாட்களில் நாம் ஓதும் நூல்தான். வாய்மை விரதத்துக்கு வரும் அதிசாரங்களில் கூடலேகக் கிரியை ஒன்று. பொய்யாக எழுதுவது என்பது அதன் பொருள். நாமே எழுதிக்கொள்ளும் பாராட்டுரை அதுதான். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களில் பிரதிரூபக வியவகாரம் ஒன்று. ஒன்றைக் காட்டி அதைப் போன்ற வேறொன்றை விற்பது அது. இரகோப்பியாக்கியானம் என்பது பிறர் மறைவாக வைத்ததை வெளியிடுவது. மணப்பாயில் நெய்த பெயர்களை அக்குடும்பத்தாரின் இசைவின்றிப் பக்கத்தில் போடுவதும் அதில் அடங்கும் என்பேன். இன்று அரசும் இதே வழிக்கு வந்திருக்கிறது. இணையப் பாராட்டுரைகள் நேர்மையாக இருப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 இல் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. தவறான விளம்பரத்தை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தண்டிக்கிறது.

அம்மாணவி இசுலாமியர், சூத்திரத்தின் பெயரைக் கூட அறியாதவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "எங்கள் வாப்பாவும் இதைத்தான் சொல்வார்" என்றார். ஆசை காட்டியவர் திரும்பிப் போனார்.

சில மாதம் கழித்து, அனுப்பிய பாய் ஒன்றில் சாயம் திட்டுத்திட்டாக இருந்தது. வாங்கியவர் முறையிட்டார். மாணவி அதை மறைக்கவில்லை. எந்தப் பாயில் என்ன குறை, ஏன் நேர்ந்தது, பணத்தைத் திருப்பித் தந்தது எப்படி என்று தம் பக்கத்திலேயே எழுதினார். அதுவரை படித்துவிட்டுப் பேசாமல் போனவர்கள் அன்று பேசத் தொடங்கினார்கள். அவர்களில் மூவர் அந்த வாரமே பாய் கேட்டார்கள்.

இளைஞர்களுக்கு இன்னொன்று சொல்வேன். விருப்பக் குறிகளை எண்ணிக்கொண்டே இருப்பதும் ஒருவகைப் பற்றுத்தான். பொருள் வரைதல் விரதத்தில் பொருளுக்கு எல்லை வகுப்பதைப் போலக் கைப்பேசிக்கும் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு அரைமணி நேரம் போதும். சாமாயிக வேளையில் அது அடுத்த அறையில் இருக்கட்டும். போட்டிக் கடையைப் பழித்து ஒரு சொல்லும் எழுத வேண்டா.

சீவலப்பேரிக்கு அருகில் மருகால்தலையில் பூவிலுடையார் மலை இருக்கிறது. துறவியர்க்காக வெட்டிய கற்படுக்கையும், தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே வரியும் அங்கே உண்டு. இன்னார் கொடுத்தது இது என்பதே அவ்வரியின் செய்தி. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக அது நிற்கிறது. நீங்கள் எழுதும் ஒவ்வொரு பதிவிலும் அவ்வளவு இருந்தால் போதும்: இது என்ன, யார் செய்தது, உண்மை எது. எஞ்சியதை வாங்குவோர் பார்த்துக்கொள்வர்.