கலைத்தொழில் தேடும் இளைஞருக்கு



சென்ற கார்த்திகை தீபத்திற்கு மறுநாள், திருவண்ணாமலையில் என் வீட்டிற்கு ஓர் இளைஞர் வந்தார். கையில் ஒரு படக்கட்டு, முகத்தில் கவலை. "ஐயா, சித்திரம் எழுதிப் பிழைக்க முடியுமா? மளிகைக் கடையில் கணக்கெழுதப் போ என்கிறார் அப்பா. தை மாதம் வரையில்தான் தவணை" என்றார். அவருக்கு நான் கூறிய விடையை உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

கட்டில் அறுபது படங்கள் இருந்தன. எனக்கு என் இளமை நினைவுக்கு வந்தது. நானும் அவ்வாறே ஒரு கட்டைச் சுமந்துகொண்டு சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் படியேறினேன். துணையாசிரியர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. இவற்றுள் எங்கள் பத்திரிகைக்கு உரியது எது?" என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அப்பத்திரிகையின் ஓர் இதழையேனும் நான் ஊன்றிப் படித்ததில்லை! ஊர் திரும்பும் வழியெல்லாம் அவரையே நொந்துகொண்டேன். பிழை என்னுடையது என்று உணர இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே முதலாவது, வேலை கேட்கும் இடத்தை அறிந்து செல்லுங்கள். அறுபதில் பத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பத்தும் அவ்விடத்தின் தேவைக்கு உரியனவாக இருக்கட்டும்.

இரண்டாவது, அருகில் இருப்பதை எழுதிப் பழகுங்கள். சில்பி என்ற புனைபெயரால் நாம் அறிந்த ஓவியர் எழும்பூர்க் கலைப்பள்ளியில் பயின்றவர். கோயில் கோயிலாகச் சென்று அமர்ந்து அவர் எழுதிய கோடுகளே 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்று ஆனந்த விகடனில் மலர்ந்தன. நம் ஊரில் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரம் நிற்கிறது. அண்ணாந்து பார்த்து வியப்பவர் பலர். அதில் ஒரு நிலையையேனும் அளவு பிசகாமல் எழுதியவர் எத்தனை பேர்?

மூன்றாவது, வயிற்றுப்பாட்டிற்கு வேறொரு தொழில் செய்வது இழிவன்று. 1966-ஆம் ஆண்டில் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். விற்பனையாகாத ஓவியத்தை நம்பி அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அந்த வருவாய் அவர்களுடைய ஓவியத்தைக் காத்தது.

நான்காவது, வேலை வாங்கித் தருவதாகவோ திரைப்பட வாய்ப்புத் தருவதாகவோ முன்பணம் கேட்பவரை அண்டவிடாதீர்கள். உழைப்பவருக்குக் கூலி கொடுப்பதே உலக வழக்கம்; உழைப்பவரிடமே கூலி வாங்குவது எங்கும் இல்லை. வேலை கிடைத்தால் ஊதியம், முடித்துத் தரும் நாள், படத்தை மீண்டும் பயன்படுத்தும் உரிமை ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். சொன்ன நாளில் கொடுப்பவரையே மறுமுறையும் அழைப்பார்கள்.

இறுதியாக, மறுப்பைக் கண்டு மனம் தளராதீர்கள். ஆர்.கே. லக்ஷ்மண் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் இடம் கேட்டபோது, போதிய திறமை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய 'சாமானிய மனிதன்' பிறகு நாடெங்கும் அறிமுகமானான். ஒருவர் மறுத்தார் என்றால், அன்று அந்த வாயில் திறக்கவில்லை என்பதே பொருள்.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். காலையில் மளிகைக் கடையில் கணக்கெழுதுகிறார். மாலையில் ஆயிரங்கால் மண்டபத்தின் எதிரே அமர்ந்து சித்திரம் எழுதுகிறார். அவர் விரும்பிய வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆயினும் சென்ற வாரம் கொண்டுவந்த தூணின் படத்தில், முன்பு இருந்த நடுக்கம் கோட்டில் இல்லை. தவணையைச் சித்திரை வரையில் நீட்டியிருக்கிறாராம் அவருடைய தந்தை. அந்தப் படத்தைக் கடைச் சுவரில் மாட்டியவரும் அவரே என்று அறிந்தேன்.