ஆழமற்ற நீரில் ஒரு பழங்கப்பல்



மைசூரில் குடியேறி வாழும் நமக்குக் கடல் அண்டை அன்று. சாமுண்டி மலைமீது நின்று எத்திசை நோக்கினும் அலையோசை கேளாது. ஆயினும் இவ்வூர்ப் பழைய வீடுகளின் கூரையைச் சற்று அண்ணாந்து பார்ப்போம். செந்நிற மங்களூர் ஓடுகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் உடன்பிறப்புக்கள் கோவாவுக்கு அருகே கடலடியிற் கிடக்கின்றன. செயின்ட் ஜார்ஜ் பாறைத்திட்டில் மூழ்கிய கப்பலொன்றைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது, பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலையின் பெயரும் 1865 என்னும் ஆண்டும் பொறித்த சுடுமண் பொருள்களைக் கண்டனர். அத்தொழிற்சாலை மங்களூரில் தொடங்கப்பெற்ற ஆண்டு அது. எனவே கப்பல் அதற்குப் பின்னரே மூழ்கியது என்பது புலனாயிற்று. ஓர் ஓட்டின் முத்திரை, ஒரு கப்பலின் வரலாற்றுக்கு எல்லைக்கல் நாட்டிவிட்டது!

இத்தகைய மூழ்கிய கப்பல்களைக் காண்பதற்கு ஆராய்ச்சியாளர் மட்டுமே செல்லும் காலம் போயிற்று. 1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினரான குஸ்தோவும் காஞானும், வேண்டும்போது மட்டும் காற்றைத் தரும் மூச்சுக்கருவியை ஆக்கினர். ஸ்கூபா என வழங்கும் அம்முறையில், முதுகிற் காற்றுக்கலம் சுமந்து எவரும் பயின்று மூழ்கலாம். மைசூர் இளைஞர்களும் விடுமுறை நாட்களில் முருடேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவுக்கும், கோவாவின் கிராண்டே தீவுக்கும் இதற்கென்றே செல்கின்றனர். கிராண்டே தீவை ஒட்டிப் புதியோரும் காணத்தக்க கப்பற் சிதைவு ஒன்றுண்டு. அங்குச் செல்லுமுன் அறியவேண்டுவன சிலவற்றை இன்று எண்ணிப் பார்ப்போம்.

கப்பல்கள் ஆழமற்ற இடத்தில் கிடப்பது ஏன்? ஆழமின்மையே அவற்றுக்குக் கூற்றாயிற்று. நீருள் மறைந்த பாறையில் மோதிய கலம் அங்கேயே உடைகின்றது. கோவாவின் சுஞ்சி பாறைத்திட்டில், 3 முதல் 6 மீட்டர் ஆழத்திலேயே, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த போர்த்துகீசியக் கப்பலொன்றின் சிதைவு காணப்பட்டது. யானைத் தந்தங்களும், நீர்யானைப் பற்களும், பீரங்கிகளும், சீனப் பீங்கானும் அங்கிருந்தன.

ஆழமின்மை புதியவருக்கு நன்மையே. வெயில் அடிவரை எட்டுகின்றது. கலத்திலுள்ள காற்று நெடுநேரம் வருகின்றது. மேலே வரவேண்டுமாயின் வழியும் குறுகியது. பன்னாட்டுப் பயிற்சி முறைகளில், ஆசிரியருடன் ஒரு நாள் முயன்று பார்ப்பவர் 12 மீட்டரையும், முதல் நிலைச் சான்று பெற்றவர் 18 மீட்டரையும் கடத்தல் பொதுவாகக் கூடாது. ஆயினும் ஆழம் குறைவு என்பதனாலேயே இடர் குறைவு என்று முடிவு கட்டலாகாது. பாறைமேல் அலை புரளும்போது, அது மூழ்குவோரைத் துருப்பிடித்த தகட்டின்மேல் தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் மேற்குக் கரையில் இம்முயற்சியே வேண்டா.

தூத்துக்குடியின் முத்துக்குளிப்போர் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்கினர் என்பதை நாம் அறிவோம். 'நாமும் மூச்சடக்க வல்லோம்' என்று ஸ்கூபா அணிந்தவர் எண்ணுவாராயின் அதுவே பேரிடர். முத்துக்குளிப்பவர் கொண்டு செல்வது மேற்பரப்பிற் பெற்ற காற்று. அது கீழே சுருங்கி, மேலே வந்ததும் பழைய அளவையே அடையும். ஸ்கூபா அணிந்தவரோ ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றை உட்கொள்கின்றார். 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. அங்கே நிறைத்த நுரையீரலை மூடிக்கொண்டு மேலெழுந்தால், உள்ளிருக்கும் காற்று இருமடங்காக விரிய முயலும், நுரையீரல் கிழியும். ஆகவே முதல் விதி: மூச்சை ஒருபோதும் அடக்காதீர். மெல்ல இழுத்து மெல்ல விடுக. மெல்லவே மேலே வருக. காது வலித்தால் மேலும் இறங்காதீர். இருதயம், நுரையீரல், காது ஆகியவற்றில் குறையுடையோர் முன்னரே மருத்துவரைக் கேட்பது கடமை.

இரண்டாம் விதி: கப்பலின் உள்ளே புகாதீர், அதிலிருந்து எதனையும் எடுக்காதீர். உள்ளே படிந்த சேறு ஒருமுறை காலுதைத்தாலே கிளம்பி, வந்த வழியை மறைக்கும். சிக்கிய மீன்வலைகள் மனிதரையும் பிடிக்கும். எடுக்கலாகாமைக்குக் காரணம் வேறு. நம் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தழுவிச் செல்லும் காவிரி கடலிற் கலக்கும் பூம்புகாருக்கு அப்பாலும் ஒரு கப்பல் கிடக்கின்றது. ஏறக்குறைய 20 மீட்டர் ஆழத்திலுள்ள அதில், பிளாக்கெட் என்னும் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறித்த ஈயக்கட்டிகள் கிடைத்தன. அதே ஆண்டுகளில் மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகையுற்றது. அந்த ஈயம் எதற்காக வந்தது என்பதைக் கட்டி சொல்லாது. தன் ஆண்டைச் சொல்லும். அதனை ஒருவர் எடுத்துச் சென்று உருக்கியிருப்பின் அதுவும் சொல்லாது போயிருக்கும். நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள் என்பதையும் மறவாதீர்.

மூன்றாம் விதி மைசூராராகிய நமக்கே உரியது, பலரும் எண்ணாதது. அழுத்தத்தில் மூச்சுவிட்டவரின் உடலில் நைட்ரஜன் கரைந்து நிற்கின்றது. அது வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் உயரமான இடத்துக்கு ஏறினால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் அது குமிழிகளாகும். மூட்டு வலி முதல் வாதம் வரை விளையலாம். ஒருமுறை மூழ்கினோர் 12 மணியும், பலமுறை மூழ்கினோர் 18 மணியும் காத்திருந்தே விமானம் ஏறுக என்பது இன்றைய மருத்துவ அறிவுரை. சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்கு இணையான காற்றழுத்தத்தைக் கருதி அக்கணக்கு வகுக்கப்பட்டது. மைசூரோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 760 மீட்டர் உயரத்தில் இருக்கின்றது! நமக்கு மலைச்சாலையும் ஒரு விமானமே. ஞாயிறு பிற்பகலில் மூழ்கி, அன்றிரவே மலையேறித் திங்கட்காலை அலுவலகம் செல்லத் திட்டமிடுவோர் இதனை உணர்தல் வேண்டும்.

ஆகவே, பிள்ளைகள் கடலுக்குப் போக விரும்பினால் தடுக்க வேண்டா. சான்றுபெற்ற ஆசிரியரோடு போகட்டும். கப்பலைக் கண்ணாற் கண்டு, கையால் தீண்டாது திரும்பட்டும். பயணத்திட்டத்தில் கரையில் தங்கும் ஓர் இரவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாள் விடுப்பை மிச்சப்படுத்துவதைவிட அவர்கள் நலமாக வீடு சேர்வதே நமக்கு வேண்டுவது.