ஏழு மணி டியூட்டி

அதியமான்கோட்டை என்றதும் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமான் ஞாபகத்துக்கு வருவார், இல்லையென்றால் காலபைரவர் கோயில். விடியற்காலை பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நர்ஸம்மாவுக்கு அந்த நினைப்பெல்லாம் ஏது? கண் ரோட்டு மேலேயே இருக்கும்.

அவர் வேலைக்குப் போகும் தருமபுரி டவுன் ஏழெட்டு கிலோமீட்டர்தான். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2008-இல் வந்தது. தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. துப்புரவு வேலைக்குப் போகிறவருக்கு இது சின்ன மிச்சமில்லை, வீட்டுப் பால் கணக்கே அதில் தீர்ந்துவிடும். ஆனால் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டு, சேலத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினால் காசு கொடுத்தாக வேண்டும். அதுவும் நின்றால்தானே!

பத்து நிமிஷம் தாமதமானால் என்ன என்று கேட்கலாம். வார்டில் அந்தக் கணக்கு வேறு. ராத்திரி டியூட்டி நர்ஸ் தன்பாட்டுக்குக் கிளம்ப முடியாது. வருகிறவரிடம் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்: எந்த பாட்டில் தீரப்போகிறது, யாருக்கு எத்தனை மணிக்கு ஊசி, யாருக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியது. இங்கே பஸ் தாமதமானால் அங்கே ஒருத்தர் தூக்கக் கண்ணோடு காத்திருப்பார்; அவருக்கும் பிடிக்க ஒரு பஸ் இருக்கும்.

தேய்பிறை அஷ்டமியன்று கேட்கவே வேண்டாம். காலபைரவருக்குச் சாம்பல் பூசணியில் விளக்குப் போட வரும் பக்தர் கூட்டத்தில் பஸ் பிதுங்கும். டியூட்டி சார்ட் பார்க்கும்போதே காலண்டரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது.