தின்றான், தின்றுவிட்டான்



நம் பிள்ளைகளோடு அமர்ந்து ஆங்கிலம் பயிலும் அண்டை வீட்டு உருதுப் பிள்ளைகளைப் பற்றிச் சில சொற்கள்.

உருதுவில் 'உஸ் நே ஸேப் காயா' என்றால் 'அவன் ஆப்பிளைத் தின்றான்' என்பது பொருள். பாதி எஞ்சியிருப்பினும் அவ்வாறு கூறலாம். 'கா லியா' என்றாலோ மிச்சமில்லை. 'எடுத்துக்கொள்' எனப் பொருள்படும் 'லேனா' அங்கே துணைவினையாய் நின்று செயலை முடித்துவைக்கிறது. நம் 'தின்றுவிட்டான்' என்பதிலுள்ள 'விடு' போன்றதே அது.

ஆங்கிலத்திற்கு இத்துணை வேண்டுவதில்லை. 'ஹீ ஏட் தி ஆப்பிள்' என்ற அளவிலேயே பழம் முழுவதும் தீர்ந்தது. 'ஹீ வாஸ் ஈட்டிங் தி ஆப்பிள்' என்றால்தான் மிச்சத்திற்கு இடமுண்டு.

ஆகவே, 'ஏட்' என்பதைக் 'காயா' எனவே கொள்ளும் மாணவன், பாதி தின்ற பழத்தின் படத்திற்கும் முதல் வாக்கியம் பொருந்தும் என்பான். அது கவனக்குறைவன்று, தாய்மொழி தந்த பழக்கம். அவனைக் கடிந்துகொள்ள வேண்டா. "மிச்சம் உண்டா?" என்று கேளுங்கள்; இரு வாக்கியங்களையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள். 'விடு' அறிந்த நமக்கு அவன் இடர்ப்பாடு விளங்காததன்று.